பீரங்கி அளந்த நிலம்

நிலத்தைக் கோலால் அளப்பர், கயிற்றால் அளப்பர். பீரங்கிக் குண்டால் அளந்ததும் உண்டோவென வினவின், நம் நாட்டிலேயே உண்டு என்பது விடை. கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடிலநதியின் அருகே கடலை நோக்கி நின்ற செயின்ட் டேவிட் கோட்டையின் வரலாறு அதற்குச் சான்றாகும். அதனைச் சங்கத்தன்பர்கட்கு யாம் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1690-ஆம் ஆண்டில் செஞ்சி மகாராஷ்டிர மன்னரான ராஜாராம் வசமிருந்தது. மொகலாயரோடு பொருதுகொண்டிருந்த அவருக்குப் பொருள் வேண்டியிருந்தது. இங்கிலீஷ் கம்பெனியாருக்கோ, சென்னையையன்றிச் சோழமண்டலக் கரையில் மற்றோர் அரண் வேண்டியிருந்தது. எனவே, எலிஹு யேல் சென்னையிற் கவர்னராயிருந்த அவ்வாண்டிலேயே தேவனாம்பட்டினத்துக் கோட்டை விலையாயிற்று. கோட்டையுடன், அங்கிருந்து சுடும் பெரும்பீரங்கியின் குண்டு சென்று விழும் எல்லைவரை உள்ள நிலமும் கம்பெனியாருக்கு உரியதென முடிவாயிற்று.

பீரங்கியின் வாயை மட்டமாக வைத்துச் சுடின் குண்டு அண்மையில் விழும். வாயை உயர்த்திச் சுடின் நெடுந்தொலை செல்லும். உயர்த்திச் சுடும் முறையே உடன்பாட்டிற் கொள்ளப்பட்டது. ஆதலின், மருந்தின் அளவும் சுடுவோன் கைத்திறமுமே நிலத்தின் பரப்பை வரையறுத்தன. கடலூர் நகரமும் அவ்வெல்லைக்குள் அகப்பட்டது. அகப்பட்ட ஊர்கள் பின்னர்க் ‘குண்டு கிராமங்கள்’ எனப் பெயர் பெற்றன. அந்நிலங்களை உழுதுண்டோர் அவ்வுடன்பாட்டில் எப்பக்கத்தாருமல்லர்.

1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைப்பட்டபோது, இக்கோட்டையே கம்பெனியாரின் தலைமையிடமாயிற்று. 1752 வரை அவ்வாறே இருந்தது. புதுச்சேரியிலிருந்து டூப்ளே பன்முறை முயன்றும் இதனைக் கொள்ள இயலவில்லை. ஆயினும், 1758-இல் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி பெரும்படையுடன் வந்து முற்றுகையிட்டார். ஜூன் 2-ஆம் நாள் கோட்டை பணிந்தது. அவர் அதன் மதில்களை இடித்துத் தள்ளினார். பீரங்கியால் நிலங்கொண்ட கோட்டை பீரங்கிக்கே இரையாயிற்று.

இதனால் யாம் அறிவது யாது? படைவலியால் வரைந்த எல்லை அதனினும் பெரிய படைவலி வருங்காறுமே நிற்கும். மன்னரும் கம்பெனியாரும் தளபதியரும் மறைந்தனர். கலப்பை பிடித்தோரின் ஊர்கள் நின்றன. அவ்வூரார் பெயர்களையோ பீரங்கியின் வரலாறு சொல்வதில்லை. அவற்றைச் சொல்லவல்லன வீடுகளிற் கிடக்கும் பழைய ஓலைகளும் பத்திரங்களுமே. நம் அன்பர்கள் அவற்றைச் செல்லுக்கு இரையாக்காது காத்து, முதியோர் வாய்ச்சொல்லையும் எழுதிவைத்து, மக்களுக்குக் கற்பிப்பாராக.