ஹாங்காங்கில் கஞ்சி கடை! பேரு நம்மளோடது... உள்ளே கிடப்பது வேற!

ஹாங்காங்குக்கு வேலை, வியாபாரம் என்று போகிற நம்மாட்கள் கஞ்சி, நூடுல்ஸ் கடைக்குள் நுழையும் முன் இதைத் தெரிஞ்சுக்கணும்.

அரிசியை மணிக்கணக்கில் குழைய வேகவைத்த கஞ்சிக்கு அங்கே ‘ஜுக்’ என்று பெயர். இங்கிலீஷில் ‘காஞ்சி’. அது நம்ம ‘கஞ்சி’யில் இருந்து போன வார்த்தைதான். ஆனால் பேரை நம்பி வாய் வைத்துவிடக் கூடாது. பன்றிக்கறி, மாட்டுக்கறி, மீன், ஈரல் எல்லாம் உள்ளே கிடக்கும். சுண்ணாம்பு, சாம்பலில் வாரக்கணக்கில் கிடந்து கறுத்த வாத்து முட்டையும் உண்டு. கறி போடாத வெறுங்கஞ்சி ‘பாக் ஜுக்’. அதிலும் சில கடைகளில் காய்ந்த சிப்பிக்கறி சேர்ப்பார்கள். சைவக்காரர்கள் கேட்டு வாங்குவது நல்லது.

தொட்டுக்க ஊறுகாய், துவையல் தேடாதீங்க. எண்ணெயில் பொரித்த நீள மாவுத்துண்டு வரும். அதன் பெயருக்கு ‘எண்ணெயில் பொரித்த பேய்’ என்று அர்த்தமாம்! 1142ல் யூ பெய் என்ற தளபதியின் சாவுக்குக் காரணமான மந்திரி மேல் ஆத்திரப்பட்டு, ஜனங்கள் மாவில் அவன் உருவம் செய்து பொரித்தார்கள் என்று கதை சொல்கிறார்கள்.

நூடுல்ஸ் கேட்டால், இறால் பொதிந்த ‘வான்டன்’ அடியிலும் நூடுல்ஸ் மேலேயும் இருக்கும். சூப்பில் ஊறிக் குழைஞ்சிடக் கூடாதே!

கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாத ஆள் உங்க மேஜையிலேயே வந்து உட்காருவார். முறைக்காதீங்க, அங்கே அது வழக்கம். சாப்பிட்டதும் பில்லை எடுத்துக்கொண்டு நேரே கல்லாவுக்குப் போய்விட வேண்டியதுதான்.