டெம்போவில் போறவங்க மேப்பில் எங்கே?



கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் டெம்போவுக்காக நிக்கும்போதுதான் இந்தக் கேள்வி வந்தது: எந்த ரோட்டில் எத்தனை பேர் போறாங்கன்னு மேப்பில் வரையறதை யார் ஆரம்பிச்சு வெச்சது?

1837-ல் அயர்லாந்து ரயில்வே கமிஷனுக்காக ஹென்றி ட்ரூரி ஹார்னஸ் என்ற ராணுவ இன்ஜினியர் வரைஞ்சார். ஆனா எனக்குப் பிடிச்சது 1845-ல் சார்ல்ஸ் ஜோசப் மினார் வரைஞ்சது. பிரெஞ்சு அரசின் சாலை, பாலத் துறை இன்ஜினியர். அப்போ நம்ம புதுச்சேரியும் அதே அரசுக்குக் கீழேதான். (நமக்கு ரயில் வர 1879 ஆச்சு. அது தனிக் கதை.)

திஜோன்–முலூஸ் ரயில் எந்த வழியா போகணும் என்பதுதான் அன்றைய பிரச்சினை. மினார் அந்தப் பகுதியில் ஓடின வாடகைக் குதிரை வண்டிகளின் பயணிகள் கணக்கை எடுத்து, ஒவ்வொரு சாலையையும் ஒரு பட்டையா வரைஞ்சார். ஆள் அதிகம்னா பட்டை தடிமன், குறைஞ்சா நூல் மாதிரி. இன்னைக்கு க்யூஜிஐஎஸ்-ல் நாம ரெண்டு கிளிக்கில் பண்றதை அவர் கையால பண்ணார்.

ரயிலில் ஏறுறவங்க எல்லாரும் கடைசி ஸ்டேஷன் வரை போறதில்லை, நடுவில் ஏறி நடுவிலேயே இறங்குற கூட்டம் முக்கியம்னு அவர் அதுக்கு முன்னாடியே எழுதியிருந்தார். ரெண்டு பெரிய ஊருக்கு நடுவில் ஸ்கேல் வெச்சு நேர்கோடு போடுறவங்களுக்கு அது நல்ல பதில்.

ஆனா அந்த மேப்பின் தலைப்பிலேயே ஒரு வரம்பு இருக்கு: 'பொது வண்டிகளில்' போன பயணிகள். நடந்து போனவங்க அதில் கிடையாது.

தமிழ்நாட்டில் 2021-ல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாதுன்னு அறிவிச்சப்புறமும், கையில் ஒரு டிக்கெட் கொடுத்தாங்க. காசு பூஜ்யம், ஆனா ஆள் கணக்கில் வந்துடுறாங்க. எனக்கு அது ரொம்ப புத்திசாலித்தனமான டேட்டா என்ட்ரி.

நம்ம டெம்போவில் டிக்கெட்டே இல்லை. டிக்கெட் கணக்கை மட்டும் வெச்சு நான் மேப் போட்டா, காலை ஷிஃப்ட்டுக்கு ஓடுற நர்ஸ் அக்காக்கள் யாருமே அதில் இருக்க மாட்டாங்க. அந்த மேப்பைப் பார்த்து, "இங்கே பஸ் எதுக்கு?"ன்னு ஒருத்தர் நியாயமாவே கேட்கலாம்.

சரின்னு ஒரு நாள் நோட்டோட உட்கார்ந்து எண்ண ஆரம்பிச்சேன். மூணாவது வண்டி டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி எழுதுற?"

"எத்தனை பேர் ஏறுறாங்கன்னு, அண்ணே."

"ஐயோ, அதை மட்டும் எழுதாதே. ஆர்டிஓ பார்த்தா நான் காலி."