அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்: ஸ்பிட்டியின் ஓரிக்டோசெபலஸ் இண்டிகஸ்

புவியியல் காலப் பகுப்பில் 'மேகாலயன்' என்னும் பிரிவு 2018-இல் ஏற்கப்பட்டபோது இந்திய நாளிதழ்கள் பலவும் அதனைக் கொண்டாடி எழுதின. அதே ஆண்டில் ஏற்கப்பட்ட மற்றொரு பிரிவுக்கும் இந்தியாவோடு தொடர்புண்டு. கேம்பிரியன் காலத்தின் 'மியாவோலிங்கியன்' தொடரும் அதன் முதற்கட்டமான 'வூலியனும்' ஓரிக்டோசெபலஸ் இண்டிகஸ் என்னும் டிரைலோபைட்டின் முதல் தோற்றத்தைக் கொண்டே வரையறுக்கப்பட்டன. 'இண்டிகஸ்' என்னும் சொல் இந்தியாவைச் சுட்டுவது; அவ்வினம் முதலில் விவரிக்கப்பட்டது இமயத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கிலிருந்து.

ஓரிக்டோசெபலஸ் என்ற பேரினத்தை 1886-இல் நிறுவியவர் அமெரிக்கரான சார்லஸ் வால்காட். அவருக்குக் கிடைத்த மாதிரிகள் நெவாடாவைச் சேர்ந்தவை. 'தோண்டப்பட்ட தலை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. தலையின் நடுமேட்டில் இருபுறமும் இணையிணையாகக் குழிகள் அமைந்திருப்பது இப்பேரினத்தின் அடையாளம். உடற்கண்டங்களின் ஓரங்களும் வாற்கவசத்தின் விளிம்பும் முட்களாக நீண்டிருக்கும். முழு உடலும் பெரும்பாலும் ஒரு விரல்நகத்துக்குள் அடங்கிவிடும்.

ஸ்பிட்டியின் பராஹியோ பள்ளத்தாக்கில் கேம்பிரியன் புதைபடிவங்களைத் திரட்டியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி ஹேடன். அவற்றைக் கேம்பிரிட்ஜின் கௌப்பர் ரீட் ஆராய்ந்து 1910-இல் 'பேலியன்டாலஜியா இண்டிகா' வரிசையில் வெளியிட்டார். இன்று இண்டிகஸ் எனப்படும் இனத்தை அவர் சகாந்தாய்டிஸ் என்னும் வேறொரு பேரினத்தில் சேர்த்தார். ஓரிக்டோசெபலஸ் அவர் அறியாத பேரினமன்று. கனடாவின் ஸ்டீபன் மலையிலிருந்து அதன் இனமொன்றை 1899-இலேயே அவர் விவரித்திருந்தார்.

இமயத்தின் எழுச்சியில் நெரிந்த பாறைகளில் புதைபடிவங்களும் இழுபட்டும் நசுங்கியும் உருத்திரிந்துள்ளன. ஒரே இனத்தின் இரு மாதிரிகள் இரு வேறு இனங்களாகத் தோன்றுதல் அங்கு இயல்பு. பீட்டர் ஜெல்லும் நைஜல் ஹியூஸும் 1997-இல் வெளியிட்ட இமயக் கேம்பிரியன் டிரைலோபைட்டுகள் பற்றிய நூல் இச்சிக்கலை நேர்கொண்டு, பழைய சேகரிப்புகளை மறுஆய்வு செய்தது.

காலவரையறைக்கு இச்சிறு உயிரி ஏன் தேவைப்பட்டது? கேம்பிரியன் டிரைலோபைட்டுகளுள் பல ஒரு கண்டத்தின் ஆழமற்ற கடலோடு நின்றுவிடுபவை. அவற்றைக் கொண்டு கண்டங்களுக்கிடையே காலத்தை ஒப்பிடுதல் அரிது. இண்டிகஸ் இனமோ திறந்த கடற்பகுதிகளில் பரவி, இமயம், தென்சீனம், மேற்கு அமெரிக்கா ஆகிய மூன்றிடத்துப் பாறைகளிலும் காணப்படுகிறது. அது முதலில் தோன்றும் அடுக்கை அடையாளம் கண்டால், தொலைதூரப் பாறைகளை ஒரே காலக்கோட்டில் நிறுத்த இயலும்.

எனினும் எல்லையைக் குறிக்கும் 'தங்க ஆணி' ஸ்பிட்டிக்குக் கிட்டவில்லை. சீனத்தின் குய்சோ மாகாணத்து வூலியு–செங்ஜியாயன் பாறைத் தொடரில், கைலி படிவமைப்பின் அடியிலிருந்து 52.8 மீட்டர் உயரத்தில் அது அமைந்தது. ஒப்புதலின்போது அவ்வெல்லைக்கு மதிப்பிடப்பட்ட வயது ஏறத்தாழ 50 கோடியே 90 லட்சம் ஆண்டு. பெயர் கொடுத்த இடமே எல்லைக்கும் உரியது என்ற விதி புவியியலில் இல்லை; தேவைப்படுவது இடையறாத படிவுத் தொடர்ச்சி. கைலியின் நுண்களிப் படிவுகளில் எல்லைக்குக் கீழும் மேலும் புதைபடிவங்கள் செறிந்துள்ளன. கழிமுகச் சூழலில் உருவான பராஹியோ பாறைகளிலோ டிரைலோபைட்டுகள் விட்டுவிட்டே கிடைக்கின்றன.

ஆயினும் அந்த ஆணி ஒரு வகையில் ஸ்பிட்டியையும் சார்ந்தே நிற்கிறது. ஓர் இனப்பெயரின் பொருளை இறுதியில் தீர்மானிப்பது அப்பெயரைத் தாங்கும் மூல மாதிரி. குய்சோவில் கிடைத்தது இண்டிகஸ்தானா என்ற ஐயத்தைத் தீர்ப்பதற்கு, பராஹியோவிலிருந்து வந்த நெரிந்த கல்லோடுதான் அதனை ஒப்பிட வேண்டும். நூற்றாண்டுப் பழமையான சேகரிப்புகளைப் பேணுவது வெறும் அருங்காட்சியகக் கடமையன்று. நடப்பு அறிவியலின் அடித்தளத்தைக் காப்பதாகும்.

இன்று அவ்வினத்தின் முழுப்பெயர் 'ஓரிக்டோசெபலஸ் இண்டிகஸ் (ரீட், 1910)' என எழுதப்படுகிறது. விலங்கியல் பெயரிடல் மரபில் அந்த அடைப்புக்குறி, இனத்தை முதலில் விவரித்தவர் அதனை வேறொரு பேரினத்தில் வைத்தார் என்பதைக் குறிக்கும். பேரினம் திருத்தப்பட்டது; இனப்பெயரும் அதனைத் தந்த இடமும் நிலைத்தன.