கோஸ்ட் (ஆங்கிலச் சொல்)

கோஸ்ட் என்னும் ஆங்கிலச் சொல் இன்று முதன்மையாக இறந்தவரின் ஆவியைக் குறிக்கிறது. உயிரோடிருப்பவர் கண்ணுக்கு அது உருவமாகத் தென்படும் என்பது நம்பிக்கை. பழைய ஆங்கிலத்தில் இதன் பொருள் மிக விரிந்தது. மூச்சு, உயிர், ஆன்மா, நல்லதும் கெட்டதுமான எல்லா அருவங்களும் அதில் அடங்கின. இதற்கு இனமான ஜெர்மன் சொல் 'கைஸ்ட்' இன்றும் மனம், ஆன்மா என்றே பெரிதும் வழங்குகிறது. ஆங்கிலத்திலோ லத்தீன் வழி வந்த 'ஸ்பிரிட்' பரவி அப்பொருள்களை எடுத்துக்கொள்ள, கோஸ்டுக்குப் பெரும்பாலும் பேயுருவமே மிஞ்சியது. எழுத்தில் வந்து ஒலிக்காமல் நிற்கும் 'ஹெச்', ஃபிளாண்டர்ஸ் பகுதியில் அச்சுத் தொழில் நடத்திவிட்டு 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன் காலத்தில் ஃபிளெமிய எழுத்துமுறையின் சாயலில் நுழைந்தது.

பழம்பொருள் சமய மொழியில் நெடுங்காலம் தங்கியது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிள் பரிசுத்த ஆவியை 'ஹோலி கோஸ்ட்' என்கிறது. 20ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் 'ஹோலி ஸ்பிரிட்' என மாற்றிக்கொண்டன. தமிழ்ப் பைபிளுக்கு அப்படி மாற்றும் தேவை எழவில்லை. மூச்சு, உயிர், பேய் மூன்றையும் 'ஆவி' இன்றும் தாங்கி நிற்கிறது. உயிர் விடுவதைச் சொல்லும் 'கிவ் அப் த கோஸ்ட்' என்ற தொடரை, ஓடி ஓய்ந்து நின்றுபோன பழைய மோட்டாருக்கும் ஆங்கிலேயர் சொல்வர்.

அன்றாட வழக்கில் பேயே இல்லாத இடங்களிலும் இச்சொல் புழங்குகிறது. பிறர் பெயரில் வெளிவரும் நூலை எழுதிக் கொடுப்பவர் 'கோஸ்ட் ரைட்டர்'. குடியிருந்தோர் நீங்கிய ஊர் 'கோஸ்ட் டவுன்'. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியை ஆங்கில ஏடுகள் இப்படித்தான் குறிக்கின்றன. ஆன்டெனா வைத்துப் பார்த்த தொலைக்காட்சியில் உருவத்துக்குப் பக்கத்திலேயே மங்கலாக இன்னோர் உருவம் தெரியும். உயர்ந்த கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலைக்குச் சற்றுப் பிந்திச் சேர்வதே காரணம். அந்த இரட்டை உருவத்துக்கும் கோஸ்ட் என்றே பெயர்.

வினையாக இச்சொல் பெற்ற புதுப்பொருள் கைபேசிக் காலத்தது. பழகியவரிடம் காரணம் சொல்லாமல், அழைப்பையும் எடுக்காமல் தொடர்பை அறுத்துக்கொள்வது 'கோஸ்டிங்'. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2017இல் இப்பொருளை ஏற்றது. காதலர் பேச்சில் பரவிய இது, வேலைக்குச் சேர ஒப்புக்கொண்டு முதல் நாள் வராமல் போகிறவரையும், நேர்காணல் முடிந்தபின் பதிலே அனுப்பாத நிறுவனத்தையும் சுட்டுவதற்கு இப்போது பயன்படுகிறது.