தானே திறக்கும் கதவு

கை படாமலே கதவு திறக்க வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. கி. பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் என்னும் யவன அறிஞர், கோயிற் கதவொன்றை அவ்வாறு திறக்கும் முறையை எழுதிவைத்தார். பலிபீடத்தில் நெருப்பு மூட்டியதும் கீழேயுள்ள காற்றுச் சூடேறி விரியும்; அக்காற்று ஓர் உருண்டைக் கலத்து நீரைத் தொங்கும் வாளிக்குள் தள்ளும்; பாரமேறிய வாளி கீழிறங்க, கதவின் அச்சுக்களிற் சுற்றிய கயிறுகள் இழுபட்டுக் கதவு திறக்கும். நெருப்பு அவிந்தால் கதவு மீண்டும் மூடிக்கொள்ளும். காண்போரை வியக்கச் செய்வதே இதன் நோக்கம். கதவைத் தள்ள இயலாதவரைப் பற்றிய நினைவு அங்கில்லை.

பத்தொன்பது நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அந்நினைவு முந்தியதாகச் சொல்வதற்கில்லை. 1954ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துக் கடற்கரை நகரான கோர்ப்பஸ் கிறிஸ்ரியில், டீ ஹோட்டன், லூ ஹியூவிற் என்னும் இருவர் பக்கவாட்டில் நகரும் தானியங்கிக் கதவொன்றை உருவாக்க முனைந்தனர். கடற்காற்றின் வேகத்தாற் கீல்வைத்த கதவுகள் படும் பாடே அவர்களைத் தூண்டியது. 1960இல் அக்கதவு விற்பனைக்கு வந்தது. வாயிலிலுள்ள விரிப்பை மிதித்தால் கதவு விலகும்.

கதவைத் திறக்க மாட்டாதவரின் கதை வேறோரிடத்தில் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஊனமுற்றுத் திரும்பிய வீரர் சிலர், 1948இல் இலினோய் சர்வகலாசாலையின் கேல்ஸ்பேர்க் கிளையிற் கல்வி தொடங்கினர். அடுத்த ஆண்டே கிளை மூடப்பட்டது. மாணவர் திரண்டு முறையிட்டனர். திமொதி நியூஜென்ற் என்பவரின் விடாமுயற்சியால் அத்திட்டம் தலைமை வளாகத்தில் இடம்பெற்றது. அங்கு பெற்ற அனுபவத்திலிருந்தே 1961ஆம் ஆண்டின் அமெரிக்கக் கட்டட நியமம் பிறந்தது. திறந்த கதவின் வழி 32 அங்குலத்திற்குக் குறையலாகாது, ஒரே முயற்சியில் அது திறக்க வேண்டும் என்று அந்நியமம் கூறிற்று. நல்ல சொற்றான், எனினும் அதற்குச் சட்ட வலு இல்லை. விரும்பியோர் பின்பற்றலாம், விரும்பாதோர் விட்டுவிடலாம்.

வலு வந்தது மெதுவாகவே. 1968ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசின் கட்டடங்களை மட்டும் கட்டுப்படுத்தியது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்திற்குரிய விதிகள் நான்காண்டுகளாகக் கையொப்பமின்றிக் கிடந்தன. 1977 ஏப்ரிலில் ஊனமுற்றோர் சான் பிரான்சிஸ்கோ அரச பணிமனையுட் புகுந்து மூன்று வாரத்துக்கு மேல் அமர்ந்திருந்தபின்னரே அவ்விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1990ஆம் ஆண்டுச் சட்டம் கடைகளையும் விடுதிகளையும் சேர்த்துக்கொண்டது.

அச்சட்டத்தின் விதிகள் மனிதக் கையின் வலிமையையே அளந்தன. தீத்தடுப்புக் கதவு நீங்கலாக, கீல்வைத்த உட்கதவு 5 இறாத்தல் விசைக்குள் திறக்க வேண்டும். இறுகப் பிடிக்காமலும் மணிக்கட்டைத் திருகாமலும் கைப்பிடியை இயக்க இயல வேண்டும். தானியங்கிக் கதவை இவ்விதிகள் கட்டாயமாக்கவில்லை. 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் ஆக்கவில்லை. வெளிக்கதவின் விசைக்கோ எல்லையே இல்லை. காற்று வந்து மோதும் கதவு மீண்டும் சாத்திக்கொள்ள வேண்டுமாயின், அதன் வில் இறுக்கமாக இருத்தல் வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.