காற்றுக்கு விலை உண்டா?



காற்று விலையின்றிக் கிடைப்பது என்பர். ஆயினும் காற்றை நம்பித் தொழில் செய்தோர் அதற்கும் ஒரு விலை உண்டென்பதை அறிந்திருந்தனர். ஊர்காவற்றுறையின் வரலாறு இதற்குச் சான்று.

இத்துறையின் பழம்பெயர் ஊராத்துறை. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனம் அப்பெயரைக் கூறுகின்றது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கேற்றிய கலமாயின் சரிபாதி. இவ்வாறு நட்டம் நேருமுன்னரே கணக்கு வகுக்கப்பட்டிருந்தது.

கலம் உடையாவிட்டாலும் காத்திருக்கும் செலவு உண்டு. சோளகத்தையும் வாடையையும் பார்த்தே பாய்க்கப்பல்கள் புறப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் பரவியபோது, நிலக்கரிக்குப் பணம் கொடுத்தவன் உண்மையில் வாங்கியது காலத்தையே.

இன்று மின்சாரத்திலும் அதே கணக்கு எழுகின்றது. இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. 2011இல் முதற்கட்டம் இயங்கத் தொடங்கிய 900 மெகாவாற்று நுரைச்சோலை நிலையத்துக்குக் கரி முழுவதும் கடல்வழியே வருகின்றது. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் அங்கு கரியை இறக்க இயலாது. முன்னரே குவித்து வைக்கவேண்டும். அதே பருவக் காற்றோ, 2020இல் திறக்கப்பட்ட மன்னார்க் காற்றாலையின் 30 சுழலிகளைச் சுழற்றுகின்றது. எனவே கரியும் காற்றின் தயவில்தான் வருகின்றது.

இரண்டுக்கும் வேறுபாடு செலவு வரும் காலத்தில் உள்ளது. கரிக்கு ஆண்டுதோறும் அந்நியச் செலாவணி வேண்டும். காற்றாலைக்கோ பெரும்பணம் தொடக்கத்திலேயே வேண்டும். 103.5 மெகாவாற்று மன்னார்த் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 200 மில்லியன் டொலர் கடன் வழங்கியது. ஆகவே வட்டி ஏறினால் காற்றின் விலையும் ஏறும்.

தேசிய மின்வலையமைப்போடு இணையாத நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை கரியையன்றி டீசலையே நம்பி வந்தன. அந்த டீசலும் கடல்கடந்தே போகவேண்டும். இம்மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டுப் பின்னர் தடைப்பட்டது. 2024 மார்ச்சில், ஏறக்குறைய 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையுடன் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. இடையிற் கழிந்த மூன்றாண்டுகளும் டீசலுக்கே போயின.

அவ்வொப்பந்தத்தின் எண்களைக் கவனியுங்கள். சூரியசக்தி 1,700 கிலோவாற்று. காற்று 530 கிலோவாற்று. இவற்றுக்குத் துணையாக 2,400 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கலங்கள். இவற்றுக்கும் மேலாக 2,500 கிலோவாற்று டீசல் இயந்திரங்கள் ஆயத்தமாக நிற்கவேண்டும். காற்றும் வெயிலும் சேர்ந்து தரக்கூடிய 2,230 கிலோவாற்றிலும் காவல் நிற்கும் டீசலின் அளவு பெரிது! காற்று ஓய்ந்த இரவுக்கு நாம் கொடுக்கும் விலை இதுவே.

இதனால் காற்றாலை வேண்டாம் என்பது கருத்தன்று. ஓடாது நிற்கும் இயந்திரம் எண்ணெய் குடிப்பதில்லை. காற்று வீசும் ஒவ்வொரு நாளும் தீவுக்குப் போகும் டீசல் குறையும். ஆனால் மின்கலத்தையும் காவல் இயந்திரத்தையும் விட்டுவிட்டுக் காற்றின் விலையைச் சொல்பவர் பாதிக் கணக்கையே சொல்கின்றார். ஊராத்துறைச் சாசனம் கலம் உடையுமுன்பே பங்கை வகுத்தது. காற்று ஓயும் நாளின் செலவு யாருடையது என்பதை நாமும் முன்னரே வகுத்துக்கொள்வது நன்று.