அண்ணனும் தம்பியும்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் நாடகக் கொட்டகையிலே சுடப்பட்டார் என்பதை நீங்கள் சரித்திர பாடத்தில் படித்திருப்பீர்கள். சுட்டவன் ஜான் வில்க்ஸ் பூத் என்னும் நடிகன். அவனுக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவரே எட்வின் பூத். அந்நாளைய அமெரிக்க நாடக மேடையின் தலைசிறந்த நடிகர். அவரைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

தந்தை ஜூனியஸ் புரூட்டஸ் பூத், 1821-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெரும் நடிகர். ஆனால் குடிப்பழக்கமும் சித்தத் தடுமாற்றமும் அவரை வாட்டின. 1833-இல் பிறந்த எட்வின், பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில், தந்தைக்குக் காவலாக ஊர் ஊராகச் சென்றார். அந்தக் காவலே அவருக்குக் கல்வியாயிற்று. 1849-இல் பாஸ்டன் நகரில், தந்தை நடித்த நாடகத்தில் சிறு வேடமேற்று முதன்முதலாக மேடை ஏறினார்.

நியூயார்க்கில் விண்டர் கார்டன் அரங்கின் நிர்வாகத்தில் பங்கேற்ற எட்வின், 1864 நவம்பர் 25-ஆம் நாள் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை நடத்தினார். ஷேக்ஸ்பியருக்குச் சிலை எழுப்ப நிதி திரட்டுவதே நோக்கம். பூத் சகோதரர் மூவரும் ஒரே மேடையில் தோன்றியது அந்த ஓர் இரவு மட்டுமே. எட்வின் புரூட்டஸாகவும், மூத்தவர் காஷியஸாகவும் நடித்தனர். கொலையுண்ட தலைவனுக்காகக் கண்ணீர் விடும் ஆண்டனியாக நடித்தவன் யார் தெரியுமா? ஜான்! உள்நாட்டுப் போரில் அவன் தென்னாட்டுப் பக்கம். எட்வினோ லிங்கனுக்கே வாக்களித்தவர்.

பின்னர் எட்வின் 'ஹாம்லெட்' நாடகத்தைத் தொடர்ந்து நூறு இரவுகள் நடித்தார். பம்மல் சம்பந்த முதலியாரின் 'அமலாதித்யன்' வாயிலாகத் தமிழ் மேடை கண்ட அதே நாடகந்தான். நூறாவது இரவு 1865 மார்ச் 22. மூன்று வாரங்கள் சென்றன. ஏப்ரல் 14 இரவு ஜான் தன் கொடுஞ்செயலைப் புரிந்தான்.

பழி ஒருவனோடு நிற்கவில்லை. மூத்த சகோதரரும் தங்கை ஆசியாவின் கணவரும் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆசியாவின் குடும்பம் பின்னர் இங்கிலாந்து சென்றது. எட்வின் மேடையைத் துறந்தார். நடிப்பன்றி வேறு தொழில் அறியாத அவர், 1866 ஜனவரி 3-ஆம் நாள் மீண்டும் ஹாம்லெட்டாக மேடையேறினார். ஆரவாரத்துடன் மக்கள் அவரை வரவேற்றனர்.

1867-இல் விண்டர் கார்டன் தீக்கிரையாயிற்று. எட்வின் தளரவில்லை, 1869 பிப்ரவரி 3-ஆம் நாள் தம் பெயரிலேயே புதிய அரங்கைத் திறந்தார். நீர் விசையால் காட்சிகளை உயர்த்தும் பொறிகள் அதில் இருந்தன. அதே மாதத்தில், அவர் வேண்டுகோளுக்கு இணங்கி, ஜானின் உடலை அரசாங்கம் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தது. பால்டிமோரில், பெயர் பொறிக்காத கல்லறையில் அது அடக்கமாயிற்று. 1874-இல் அரங்கம் கடனில் மூழ்கி, எட்வின் திவாலானார். மறுபடியும் ஊர் ஊராக நடித்தே நிமிர்ந்தார். 1888-இல் தம் மாளிகையை நடிகர் சங்கம் ஒன்றுக்கு வழங்கினார். 1893-இல் அங்கேயே உயிர் நீத்தார்.

ஒரு செய்தி கூறி முடிக்கிறேன். போர்க்காலத்தில் ஒருநாள், ஜெர்சி சிட்டி ரயில் நிலையத்தில், நகரத் தொடங்கிய வண்டிக்கும் மேடைக்கும் இடையே ஓர் இளைஞர் தவறி விழுந்தார். அவருடைய சட்டைக் காலரைப் பற்றி மேலே இழுத்துக் காப்பாற்றியவர் எட்வின். இளைஞர் ராபர்ட் லிங்கன், ஆபிரகாம் லிங்கனின் மகன். அது இன்னார் என்பது எட்வினுக்குப் பின்னரே தெரிந்தது.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் கை தந்தையைக் கொன்றது. மற்றொருவர் கை மகனைக் காத்தது. குலத்தை வைத்து மனிதரை எடை போடலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. ஆயினும் உலகம் தம்பியின் பெயரையே நினைவில் வைத்திருக்கிறது. நீங்களேனும் அண்ணனை மறவாதிருங்கள்.